நெற்றித் தோலில் ஒரு மூக்கு: பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்டவை

அம்மாவுக்கு 68 வயது. மூக்கு நுனியில் இருந்த கறுப்புப் புள்ளியை மச்சம் என்று விட்டுவிட்டோம். ஆறு மாதமாகப் பொருக்கு தட்டுவதும் உதிர்ந்து ரத்தம் கசிவதுமாக இருக்கிறது. பயாப்சியில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தா டாக்டர்?

பெரும்பாலும் இல்லை. இந்த வகை உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தை மெல்ல அரித்துக்கொண்டே போகும். விட்டால் குருத்தெலும்பையும் தின்னும். நம் மாநிறத் தோலில் இது கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று ஏமாறுவது சகஜம். ஆறி ஆறித் திரும்ப வரும் புண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

புற்றை எடுக்கும்போதே மூக்கையும் சரிசெய்துவிடலாமே, ஏன் இழுக்கிறார்கள்?

ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று உறுதியான பிறகே மூடுவது நல்லது. அவசரப்பட்டு மூடினால், மிச்சம் இருந்தது புதுத் தோலுக்கு அடியில் ஒளிந்து வளரும். மோஸ் முறையில் அடுக்கடுக்காக எடுத்து அப்போதைக்கப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் பெத்தாலஜி ரிப்போர்ட் வரும்வரை டிரஸ்ஸிங்கோடு காத்திருக்க வேண்டியதுதான்.

நெற்றியிலிருந்து தோல் எடுப்பார்களாம். தொடையில் எடுத்தால் முகத்தில் தழும்பு மிஞ்சாதே?

தொடைத் தோலின் நிறமும் தடிமனும் மூக்கோடு ஒட்டவே ஒட்டாது. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். சின்னக் காயம் என்றால் காதோரத் தோலோ மூக்கின் பக்கத்துத் தோலோ போதும். பாதி மூக்கு போயிருந்தால் நெற்றிதான். புருவத்தின் உள்முனை அருகே மேலேறும் ரத்தக்குழாயோடு ஒரு பட்டையாகத் தோலை எடுத்து, திருப்பிக் கீழே இறக்கித் தைப்போம். தாங்குவதற்குக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு. உள்பக்கச் சவ்வும் போயிருந்தால் அதையும் புதிதாகக் கட்ட வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்தால் சில மாதங்களில் மூக்கு சுருங்கிவிடும்.

மூன்று வாரம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே அந்தப் பட்டை தும்பிக்கை மாதிரி தொங்கும். கண்ணாடி போடுவது கஷ்டம். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அதற்குள் மூக்கிலிருந்தே புது ரத்தக்குழாய்கள் ஏறிவிடும். பிறகு பட்டையை வெட்டிவிடலாம். நெற்றியில் ஒரு கோடு நிற்கும்.

நோயாளி பீடி பிடிப்பவர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நிறுத்தினால் போதுமா?

போதாது. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். பட்டையின் நுனி கறுத்து அழுகும். சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

இது சுஸ்ருதர் செய்த ஆபரேஷன்தானே சார்?

முழுக்க இல்லை. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை சொல்வது, இலையால் அளவெடுத்துக் கன்னத்துத் தோலில் செய்வது. நெற்றி முறை உலகுக்குத் தெரிந்தது பூனா பக்கத்திலிருந்து. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, திப்பு சுல்தான் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். செங்கல் அறுக்கும் குலத்துக்காரர் ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். மெழுகை மூக்கின் அளவுக்குப் படியவைத்து, அதையே நெற்றியில் தட்டையாகப் பரப்பிக் கோடு கிழித்தாராம். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் இச்செய்தி வந்தது. 1814-இல் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் அங்கே செய்து பார்த்தார். நான் அளவெடுப்பது தையல் நூல் வரும் பாக்கெட்டின் அலுமினியத் தாளில். மெழுகுக்குப் பதில் அது, அவ்வளவுதான்.

புது மூக்கில் உணர்ச்சி இருக்குமா?

பட்டை ஒட்டியிருக்கும்வரை நரம்பு நெற்றியினுடையது. மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டது போலிருக்கும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை வார்டில் பார்த்திருக்கிறேன். வெட்டிய பிறகு மரத்துப்போகும்; மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.