ஆறு, குளம், கணினி மாதிரி: திருகோணமலைக் கேள்வி பதில்

ஆறும் குளமும் வெள்ளமும் எப்படி நடக்கும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதைத்தான் இங்கே மாதிரி என்கிறேன். அந்த மாதிரிகளை எப்படிச் சரிபார்ப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வராது, கோபிக்க வேண்டாம்.

வளாக மாணவி, உவர்மலை: சேர், மகாவலியின் கீழ்ப்பகுதிக்கு ஸ்வாட் என்ற மென்பொருளில் மாதிரி செய்தேன். அளந்த ஓட்டத்தோடு மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு 0.87. இனி அறிக்கை எழுதலாம்தானே?

பொறு தங்கச்சி. 1 என்றால் அச்சொட்டாகப் பொருந்துகிறது, 0 என்றால் உன் மாதிரியும் வெறும் சராசரியும் ஒன்று, அந்த எண் சொல்வது அவ்வளவுதான். மாரியில் கரைபுரண்டு கோடையில் மணல் தெரியும் ஆற்றுக்கு, மாரியில் கூட்டிக் கோடையில் குறைத்துக் காட்டினாலே அது நன்றாக வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்தின் நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார், அதையும் வென்றால் பேசலாம். மாதிரியின் எண்களைத் திருகி அளவுகளோடு பொருத்திய அதே ஆண்டுகளிலேயே சோதித்தாயா? நீரியலாளர் கிளெமெஷ் 1986இலேயே எழுதிவிட்டார்: தரவைப் பிரித்து ஒரு பாதியில் பொருத்து, மற்றப் பாதியில் சோதி, நிலைமை மாறும் என்றால் ஈர ஆண்டுகளில் பொருத்தியதை வறண்ட ஆண்டுகளில் சோதி. மகாவலியின் கிளையான அம்பன் கங்கையில் மொரகஹகந்த அணை வருவதற்கு முந்திய ஓட்டத்தையும் பிந்திய ஓட்டத்தையும் ஒரே ஆறு என்று நினைத்துக் கலக்கவும் வேண்டாம்.

அப்புறம் மழைத் தரவின் நாள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் தினசரி மழை காலை 8.30க்கு முடியும் 24 மணித்தியாலம். ஓட்டத் தரவு நள்ளிரவுக் கணக்கு என்றால் வெள்ள உச்சம் தள்ளி நிற்கும், நீ மண்ணின் குணத்தைத் திருகி அதைச் சரிக்கட்டுவாய். எதை மாற்றினாலும் திகதி போட்டு எழுதி வை.

கிண்ணியா: எந்த மென்பொருள் நல்லது?

எதற்கு? வெள்ளம் எங்கே பரவும் என்று பார்க்க எச்ஈசி-ராஸ், இலவசம். வடிநிலத்தின் மாதக் கணக்குக்கு ஸ்வாட். கிணற்று நீருக்கு மொட்ஃப்லோ. நெதர்லாந்தில் 1999இல் நல்ல மாதிரியாக்கத்துக்கென்று ஒரு கைநூலே போட்டார்கள். அவர்களிடம் மென்பொருளைத் தெரிவதற்கு முன் வருவது, என்ன கேள்விக்காக இந்த மாதிரி என்று எழுதி வைப்பது.

மூதூர்: நண்பர் செய்த வெள்ளப் படத்தில் எங்கள் ஒழுங்கை நனையவே இல்லை. நிஜத்தில் முழங்கால் தண்ணீர்.

தரை உயரம் எங்கே எடுத்தார்? எஸ்ஆர்டிஎம் என்ற இலவச உயரத் தரவு என்றால், அது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளந்தது, பிழை மீற்றர்க் கணக்கில் வரும், தென்னந்தோப்பும் கூரையும் தரையோடு சேர்ந்து மேடாகப் பதிவாகும். கொட்டியாரக்குடாவைச் சுற்றிய தட்டை நிலத்தில் அதை வைத்து முழங்கால் ஆழம் சொல்ல முடியாது. நிலஅளவை உயரங்கள் வேண்டும், இல்லாவிட்டால் சுவர்களில் வெள்ளக் கறையையாவது அளந்து ஒப்பிட வேண்டும். ஆள்கூறையும் பாருங்கள்: பழைய இலங்கை வரைபடங்கள் தொடக்கப் புள்ளியை 200,000 மீற்றர் என்று வைத்து எண்ணும், 1999 ஆள்கூற்று முறை 500,000 என்று வைத்து. இரண்டையும் கலந்தால் மூதூர் கடலில் கிடக்கும்.

இளைப்பாறிய நீர்ப்பாசன உத்தியோகத்தர், கந்தளாய்: தம்பி, நாங்கள் குளத்து நீர்மட்டக் கம்பத்தில் அடியைப் பார்த்து வான் கதவு திறந்தவர்கள். கணினி வந்து என்னத்தைக் கூட்டியது?

ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கம்பப் பதிவு இல்லாவிட்டால் எங்கள் மாதிரி வெறும் படம். ஆனால் உங்கள் குளத்தையே எடுங்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கட்டு உடைந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது மாரிகாலமே இல்லை. மழையை மட்டும் உள்ளிடும் மாதிரி அன்று 'வெள்ளம் இல்லை' என்றுதான் சொல்லியிருக்கும், ஏனென்றால் கட்டு உடையாது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கும். கம்பம் பார்ப்பவரிடமும் அதே அனுமானம் இருந்தது. கணினியில் அதை வெளியே எடுத்து, உடைந்தால் தண்ணீர் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று ஓட்டிப் பார்க்கலாம்.

அவரே: ஓட்டிப் பார்த்து? கட்டில் கசிவைக் கண்டுபிடிப்பது கால்தானே, கணினி இல்லை.

அதில் மறுபேச்சே இல்லை. கசிவுக்குக் கட்டில் நடக்க வேண்டும். ஆனால் நடந்து கண்ட பிறகு யாரை முதலில் எழுப்புவது? அதைக் கால் சொல்லாது.

வளாக மாணவி: ஐயா, அந்தக் கம்பப் பதிவேடுகளைப் பார்க்க முடியுமா?

கந்தளாய் உத்தியோகத்தர்: வா பிள்ளை, அடியும் ஏக்கர்-அடியுமாகத்தான் இருக்கும்.

ஒரு ஏக்கர்-அடி, அதாவது ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழத் தண்ணீர், ஏறக்குறைய 1,233 கன மீற்றர். ஒரு கியூமெக் (செக்கனுக்கு ஒரு கன மீற்றர்) 35.3 கியூசெக் (செக்கனுக்குக் கன அடி). மாற்றியதையும் திகதி போட்டு எழுதி வை, மூலத்தை அழிக்காதே.

நிலாவெளி: கிணறு உப்பாகிறது. மாதிரி செய்தால் தெரியுமா?

முதலில் ஒரு கிணற்றிலாவது மாதாமாதம் மட்டமும் உப்பும் அளவுங்கள். மணற்கரையில் நன்னீர் மட்டம் கடலுக்கு மேலே ஒரு அடி இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது பழைய விதி. மட்டம் அரையடி இறங்கினாலே என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். மொட்ஃப்லோவுக்கு அந்த அளவுகள் இல்லாமல் கொடுக்க எதுவும் இல்லை.

தம்பலகாமம்: எந்த மென்பொருள் நல்லது?

கிண்ணியாக்காரருக்குச் சொன்னதுதான்.

வளாக மாணவி: பத்து விதமாகப் பொருத்தினாலும் எண் நன்றாகத்தான் வருகிறது. எதைக் கொடுப்பது?

பத்தையும். ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் மற்ற ஒன்பதும் பொய் என்றாகிவிடும், அதற்கு உன்னிடம் சாட்சி இல்லை. அகன்ற பட்டையாகவே வரைந்து கொடு. பிரதேச செயலகத்தில் 'ஒரே கோடு போதும்' என்பார்கள்; அப்போது மேல்விளிம்பைக் காட்டி, எதை வைத்து ஆட்களை நகர்த்துவது என்ற முடிவை அவர்களையே எழுதிக் கையெழுத்திடச் சொல்.