துவக்கை விடுங்கள், முதலில் கண்ணாடியை வாங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. முல்லைத்தீவில் ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் வேலை செய்கிறேன். நன்றாக நீந்துவேன். கடலுக்குள் சுழியோடி அம்பால் மீன் குத்தும் காணொளிகளைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. முகநூலில் ஒருவர் மீன் குத்தும் துவக்கு, சுழியோடும் கண்ணாடி, மூச்சுக்குழாய், பின்ஸ் (கால் துடுப்பு) எல்லாவற்றையும் ஒரே செட்டாக மலிவு விலைக்குப் போட்டிருக்கிறார். பாரிஸில் இருக்கும் அண்ணாவும் ஏதாவது வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். குறைந்த செலவில் தொடங்க எதை வாங்கலாம் ஐயா?

பதில்: தம்பி, அந்த செட்டை வாங்காதீர்கள். மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முகத்தில் போடுவதையும் காலில் போடுவதையும் அளவு பார்க்காமல் வாங்கவே கூடாது. செட்டில் வரும் கண்ணாடி யாரோ ஒருவருடைய முகத்துக்குப் பொருந்தும், உங்கள் முகத்துக்குப் பொருந்துமா என்று அந்த முகநூல்காரருக்குத் தெரியாது.

துவக்கின் கதையை முதலில் முடித்துவிடுவோம். இலங்கைக் கடலில் எந்தக் கருவியால், எந்த அனுமதியோடு மீன் பிடிக்கலாம் என்பதற்கு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. அதனால் ஒரு ரூபாயும் கொடுப்பதற்கு முன்னால் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இந்தக் கருவியை இந்தக் கடலில் பயன்படுத்தலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். “எல்லாரும் வைத்திருக்கிறார்கள், பிரச்சினை இல்லை” என்று விற்பவர் சொல்வது சட்டம் ஆகாது. பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும், விற்றவர் வந்து நிற்கமாட்டார். அண்ணாவிடமும் துவக்கைக் கேட்காதீர்கள். சுங்கத்தில் பொதியைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதோடு, துவக்கு மாதிரி ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வீதிகளில் போவது எப்படிப்பட்ட கேள்விகளைக் கொண்டுவரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அனுமதி உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் முதல் வருசம் துவக்கு தேவைப்படாது. மூச்சை அடக்கி, அலட்டிக்கொள்ளாமல் கீழே இறங்கி, பாரைக் குஞ்சு ஒன்று உங்களைப் பார்த்துப் பயப்படாத அளவுக்கு அசையாமல் கிடக்கப் பழகவே ஒரு பருவம் போய்விடும். அதற்குக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கால் துடுப்பும் போதும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். கையில் உள்ள காசில் பெரிய பங்கை இதற்கு ஒதுக்குங்கள். நீச்சல் தடாகத்தில் போடும் இரட்டைக் கண் கண்ணாடி இதற்கு உதவாது. கீழே இறங்க இறங்க நீரின் அழுத்தம் கூடும். 10 மீற்றரில் அது மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கையும் உள்ளே மூடும் கண்ணாடி என்றால் மூக்கால் சிறிது காற்றை விட்டு அந்த அழுத்தத்தைச் சமன் செய்யலாம். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியில் அதற்கு வழியில்லை, கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டிவிடும். மூக்குப் பகுதி மென்மையாக, வெளியிலிருந்து இரண்டு விரலால் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். காது வலிக்கத் தொடங்குவதற்கு முன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் மேலே வந்துவிடுங்கள்.

கடையில் சோதிப்பது சுலபம். பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடைய கண்ணாடி. விழுந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். மேல்விளிம்பில் ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், முழு மீசையையும் எடுக்கத் தேவையில்லை.

முகத்தில் படும் விளிம்பு சிலிக்கனா, வெறும் பிளாஸ்ரிக்கா என்று பாருங்கள். இதில்தான் நான் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் சிலிக்கன் என்று சொல்லி ஒரு கண்ணாடியைத் தந்தார்கள். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அடுத்த சித்திரைக்குள் விளிம்பு விறைத்துப்போய் நெற்றிப் பக்கத்தால் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. பற்றுச்சீட்டு வாங்காததால் கடைக்குப் போய்க் கதைக்கவும் வழியில்லை. சிலிக்கனை மடித்து விட்டால் உடனே பழைய நிலைக்கு வரும், தோலில் மென்மையாக ஒட்டும். மலிவுப் பிளாஸ்ரிக் விறைப்பாக இருக்கும், புதுச் செருப்பு மணம் மணக்கும். பார்க்கும் பகுதி பதப்படுத்திய கண்ணாடியாக இருக்கவேண்டும். ‘டெம்பர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் கண்ணாடியின் ஓரத்தில் சிறிதாகப் பொறித்திருக்கும். உடைந்தாலும் கூரான சில்லாகிக் கண்ணைக் கிழிக்காது.

புதுக் கண்ணாடி முதல் நாளே உள்ளே ஆவி படிந்து மங்கினால் பழுது என்று நினைக்காதீர்கள். உள்பக்கத்தில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தரம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது எச்சில் பூசி அலசினால் போதும்.

மூச்சுக்குழாயில் காசைக் கரைக்கவேண்டாம். வளைந்த வெறும் குழாய், வாயில் கடிக்கும் பகுதி மெதுமையாக இருந்தால் சரி. வால்வு, மூடி, மிதப்பு எல்லாம் உள்ளது விலை கூட, பழுதாகும் இடங்களும் கூட.

கால் துடுப்பில் மூன்று வகைத் தகடு உண்டு: பிளாஸ்ரிக், கண்ணாடி இழை, காபன். உங்களுக்குப் பிளாஸ்ரிக்தான். கல்லில் அடிபட்டாலும் தாங்கும், விலையும் குறைவு. குதிக்கால் வரை முழுதாக மூடும் வகையை எடுங்கள். இறுகினால் கால் விரல் குறண்டும், தளர்ந்தால் குதியில் உரசிப் புண்ணாகும். அண்ணாவை இதற்குப் பயன்படுத்தலாம். பிரான்சில் டெகத்லான் கடைகளில் அவர்களுடைய சொந்தப் பெயரில் வரும் தொடக்கநிலைத் துடுப்புகள் விலைக்கு நல்லவை. கிரெஸ்ஸி, மாரெஸ் என்ற இத்தாலியப் பெயர்களும் நம்பகமானவை. ஆனால் உங்கள் செருப்பு இலக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் வெறுங்காலை வைத்துக் கோடு இழுத்து, சென்ரிமீற்றர் அளவோடு படம் எடுத்து அனுப்புங்கள். கண்ணாடியை மட்டும் அண்ணா வாங்கக் கூடாது. அதை நீங்களே கடையில் முகத்தில் வைத்துப் பார்த்து எடுக்கவேண்டும்.

கீழே இறங்கப் பாரமாக இடுப்பில் கட்டும் ஈயப் பட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களுக்கு விற்க வருவார்கள். நம் கடலின் சூட்டுக்குத் தடித்த ரப்பர் உடுப்புத் தேவையில்லை, நீளக் கை லைக்ரா மேல்சட்டை ஒன்று வெயிலுக்கும் இழுதுமீனுக்கும் போதும். மிதக்க வைக்கும் ரப்பர் உடுப்பு இல்லாதவருக்குத் தொடக்கத்தில் ஈயமும் வேண்டாம். கூடுதல் பாரம் கட்டிக்கொண்டு களைத்தவர் மேலே வரமுடியாமல் போவார்.

காசு கொடுக்காமல் செய்யக்கூடிய, ஆனால் கட்டாயம் இருக்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு. ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்றைக் கழுவி மூடி, செம்மஞ்சள் நிறம் அடித்து, கயிறு கட்டி உங்களோடு இழுத்துக்கொண்டு போங்கள். இயந்திரப் படகு ஓட்டுபவருக்குத் தண்ணீருக்குள் இருக்கும் தலை தெரியாது. கானைக் கண்டால் விலகிப் போவார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். அது உடம்பிலுள்ள கரியமில வாயுவைக் குறைத்துவிடும். மூச்சு எடு என்று உடம்பு எச்சரிப்பது அந்த வாயுவால்தான். எச்சரிக்கை வராமலே ஒட்சிசன் தீர்ந்து, பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கிட்ட வரும்போது நினைவு தப்பும். பக்கத்தில் ஆள் இருந்தால் தூக்கி எடுப்பார், தனியே போனவரைத் தூக்க யாரும் இல்லை. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்கவேண்டும். அதனால் ஒரு கண்ணாடிக்குப் பதில் இரண்டு கண்ணாடிக்குக் காசு சேருங்கள், நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழக என்று குளத்தில் இறங்கவேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, துருசுப் (மதகு) பக்கம் நீர் இழுக்கும். நந்திக்கடல் போன்ற களப்புகளில் தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியாது. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் முல்லைத்தீவுப் பக்கக் கடலில் அலையும் வெள்ளக் கலங்கலும் சேர்ந்துவிடும். அந்த மாதங்களில் வாங்கிய பொருள் பெட்டிக்குள்தான் கிடக்கும். பங்குனி, சித்திரையில் வாங்குங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறோம். 13 வயது மகன் முகம் முழுவதையும் மூடும் கண்ணாடி கேட்கிறான். மூக்காலும் மூச்சு விடலாமாம். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அக்கா, வேண்டாம். அது மேலே மிதந்தபடி கீழே பார்ப்பதற்காகச் செய்த பொருள். பிள்ளை அதோடு சுழியோடினால் மூக்கைப் பிடித்துக் காதைத் திறக்க முடியாது, தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றவும் கஷ்டம். மலிவுப் பிரதிகளில் விட்ட மூச்சே உள்ளே தங்கித் திரும்ப வரும். சாதாரணக் கண்ணாடி ஒன்றைச் சின்ன முக அளவில் எடுத்துக் கொடுங்கள், இறங்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும்.

கேள்வி: மன்னாரில் ஒருவர் பாவித்த கால் துடுப்புகளைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வெயிலில் பிடித்து, தகட்டை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். வளையும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கேதான் முறியும். காலைப் போடும் ரப்பர் பகுதி தகட்டோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் ஒட்டிச் சரிக்கட்ட முடியாது, பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் பாதி விலை நியாயம்தான். புதுப் பொருளைக் கடையில் வாங்குவதானால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பொருளின் பெயரும் அதில் இருக்கட்டும். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்து வையுங்கள். சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.