நெடுந்தீவில் மரம் வளர்க்க: முதலில் வேலி, பிறகு தண்ணீர், கடைசியில் கன்று

கேள்வி: யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் ஊர் இளைஞர்களும் வெளிநாட்டிலுள்ள உறவுகளும் சேர்ந்து 4 ஏக்கர் வெறுங்காணியில் மரம் வளர்த்து, மண்ணையும் கிணற்று நீரையும் காக்க நினைக்கிறோம். முந்திய முறை யாழ்ப்பாணத்திலிருந்து 1,000 கன்று கொண்டுவந்து கார்த்திகையில் நட்டோம். அடுத்த ஆவணியில் எண்ணிப் பார்த்தால் நூறுகூட மிஞ்சவில்லை. இம்முறை எங்கிருந்து தொடங்குவது? எத்தனை கன்று வாங்கலாம்?

பதில்: எத்தனை கன்று என்பதைக் கடைசியாகத்தான் கணக்கிட வேண்டும். கோடையில் எத்தனை வாளி தண்ணீர் கிடைக்கும், எத்தனை மீட்டர் வேலியைக் காக்க முடியும் என்ற இரண்டும் தெரிந்தால் அந்த எண்ணிக்கை தானாக வரும். முந்திய முறை கன்றிலிருந்து தொடங்கினீர்கள். கன்றுகள் பட்டுப்போனதற்குப் பெரும்பாலும் அப்படித் தொடங்கியதே காரணம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பகுதிக்கு வருடத்தில் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். மாசி பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை ஏறத்தாழ 32 கிழமை வறட்சி. முதல் வருடக் கன்றுக்குக் கிழமைக்குக் குறைந்தது 10 லீட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு கன்றுக்கு 320 லீட்டர், 1,000 கன்றுக்கு 3,20,000 லீட்டர். 5,000 லீட்டர் தாங்கி 64 தடவை நிரம்ப வேண்டும். தீவில் அதற்கு வழியில்லை. 200 கன்று என்றால் 64,000 லீட்டர், அதாவது கிழமைக்கு 2,000 லீட்டர். ஆறு நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 20 லீட்டர் வாளியில் 17 வாளி. ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை.

அந்த 17 வாளியையும் எங்கே, எப்படி அள்ளுவது என்பது அதைவிட முக்கியம். நெடுந்தீவின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, கடலுப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் சற்றே இலேசு என்பதால்தான் அது மிதக்கிறது. கணக்குப்படி, நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே இருந்தால் கீழேயிருந்து உப்புநீர் 4 மீட்டர்வரை மேலெழும். 3 மீட்டர் அகலக் கிணற்றில் 2,000 லீட்டரை ஒரேயடியாக இறைத்தால் மட்டம் 28 சென்டிமீட்டர் விழும். 330 லீட்டரைக் கையால் அள்ளினால் 5 சென்டிமீட்டர்கூட இறங்காது, இரவில் ஊறிவிடும். ஆகவே மோட்டார் பம்பு வேண்டாம். காலையில் பாதி, மாலையில் பாதி என்று வாளியால் அள்ளுங்கள். குடிநீருக்கு ஊர் நம்பியிருக்கும் கிணற்றில் இந்த வேலைக்கு ஒரு வாளிகூட அள்ளக் கூடாது. மரம் நடப்போய் அயலவர் கிணறு உவர்த்தால் அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது.

கிணற்று நீரின் உப்பை அளக்கப் பேனா வடிவிலான மின்கடத்துதிறன் மானி மலிவாகக் கிடைக்கும். தை மாதத்தில் அளந்து ஏமாறாதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன் அளந்து பாருங்கள். மானி சென்டிமீட்டருக்கு 750 மைக்ரோசீமன்ஸ்வரை காட்டினால் எந்தக் கன்றுக்கும் ஊற்றலாம். 750 முதல் 3,000 வரை என்றால் வேம்பு, பூவரசு, புன்னை போன்ற உப்புத் தாங்கும் இனங்களுக்கு மட்டும். 3,000க்கு மேலே போனால் இளங்கன்றுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு வேரடியில் தங்கிவிடும். இலை நுனி கருகுவது அதன் முதல் அறிகுறி. அதைக் கண்டு “தண்ணீர் போதவில்லை” என்று இன்னும் அதிகமாக ஊற்றுபவர்கள் பலர்.

இனி வேலி. நெடுந்தீவில் ஆடு, மாடு, கட்டாக்காலிக் குதிரை மூன்றும் உண்டு. சித்திரைக்குப் பிறகு தரவை (புல்வெளி) காய்ந்துவிட்டால் பச்சையாக நிற்பது உங்கள் கன்று மட்டும்தான். எனவே கன்று நடுவதற்கு ஒரு மாரிக்கு முன்பே வேலி நிற்க வேண்டும். காணியைத் துண்டு துண்டாக எடுக்காதீர்கள். சதுரமான 4 ஏக்கர் ஒரே துண்டாக இருந்தால் வேலி 509 மீட்டர். அதையே ஒவ்வொரு ஏக்கராக நான்கு இடத்தில் எடுத்தால் 1,018 மீட்டர், செலவு இரண்டு மடங்கு.

பழைய கல்வேலி இருந்தால் அது பெரிய வரம். சரிந்த இடங்களை அதே கல்லால் அடுக்கி 1.4 மீட்டருக்கு உயர்த்துங்கள். கல் போதவில்லையென்று கடற்கரையில் முருகைக்கல் (பவளக்கல்) எடுக்கப் போகக் கூடாது. அது சட்டப்படி குற்றம், கரையையும் கடல் தின்றுவிடும். கல்லில்லாத பக்கத்துக்குக் கிளுவைக் கதியால் (உயிர்வேலித் தடி): 1.8 மீட்டர் நீளத்தில் பெருவிரலைவிடப் பருத்த தடியாக வெட்டி, நிழலில் ஒரு கிழமை ஆறவிட்டு, முதல் மழைக்குப் பிறகு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். 100 மீட்டருக்கு 330 கதியால் செல்லும். அவை வேர்பிடித்துத் தழைக்கும்வரை கருக்குமட்டையை (பனைமட்டையை) இடையில் நெருக்கமாக வரிந்து கட்டினால் ஆடு நுழையாது.

காணியின் உரித்தையும் இதே காலத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் வரைபடத்தைப் பார்த்து, அது தனியார் உறுதிக் காணியா, அரச காணியா, வனவளத் திணைக்களத்துக்கு உரியதா என்று எழுத்தில் பெறுங்கள். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கன்றும் ஊன்ற முடியாது. கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர்வரை கரையோர வலயம், அங்கே 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். தனியார் காணி என்றால் பங்காளர் அனைவரிடமும், கனடாவில் இருப்பவர் உட்பட, குறைந்தது 10 வருடத்துக்கான ஒப்புதல் எழுத்தில் வேண்டும். ஐந்தாம் வருடத்தில் ஒரு பங்காளர் வந்து வேலியைப் பிரித்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

எங்கே நடக்கூடாது என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். திறந்த தரவையை வெறுநிலம் என்று எண்ணி மரத்தால் நிரப்புவது பெரும் பிழை. மாடும் குதிரையும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. மழைநீர் நிலத்தடிக்கு இறங்கும் வாசலும் அதுதான். அங்கே செய்ய வேண்டியது, சரிவுக்குக் குறுக்காக முழங்கால் உயரத்தில் கல்வரிசை அடுக்கி ஓடும் நீரைத் தேக்குவது மட்டும். சேற்றுக் கழிமுகம் இல்லாத கரையில் கண்டல் நடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் ஆர்வத்தோடு நட்ட கண்டல் கன்றுகளில் பெரும்பகுதி, தவறான இடத்தில், தவறான நீர்மட்டத்தில் ஊன்றியதால் அழிந்துபோயிற்று.

குளம், கேணி தூர்வாரும் ஆசையும் உங்களுக்கு இருக்கும். நல்ல வேலை. ஆனால் பெக்கோ இயந்திரத்தை இறக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் குளம் தண்ணீர் பிடித்து நிற்பது அடியிலுள்ள களிப்படலத்தால். கரிய சேறு போய் இறுகிய களி தென்பட்டதும் மண்வெட்டியை நிறுத்த வேண்டும். இயந்திரக் கரண்டி அதை ஒரு இடத்தில் கிழித்தாலும் அடுத்த மாரியில் நிறைந்த குளம் தைப்பொங்கலுக்குள் வற்றிவிடும்.

இப்போது மண். ஒரு அலவாங்கோடு (கடப்பாரையோடு) காணி முழுவதும் 10 மீட்டருக்கு ஒரு தடவை குத்தி, கல் தட்டும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டருக்குள் கல் தட்டும் இடத்தில் குழிக்கன்று வேண்டாம். 60 சென்டிமீட்டர்வரை மண் இருக்கும் இடங்களை அந்த 200 கன்றுக்கு ஒதுக்குங்கள். குழி 60 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம். வெட்டிய குழியில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பாருங்கள். இன்னும் நின்றால் அடியில் தட்டைக்கல் இருக்கிறது. அலவாங்கால் அதை உடைத்து வழிவிடாவிட்டால் மார்கழி மழையில் குழி பானைபோல் நிறைந்து வேர் அழுகும். கோடையில் காய்ந்ததாக நினைக்கும் கன்றுகளில் பல மாரியிலேயே அழுகத் தொடங்கியவை.

தீவு மண் காரமானது. நரம்பு பச்சையாக, இலை மட்டும் மஞ்சளாக வெளுத்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். சாம்பலும் சுண்ணாம்பும் போட்டால் இன்னும் மோசமாகும். மக்கிய மாட்டெரு குழிக்கு 10 கிலோ, மேலே மண்ணை மூடும் மூடாக்கு. கரையொதுங்கும் சாதாளை (கடற்தாவரம்) நல்ல மூடாக்குதான், ஆனால் ஒரு மாரி முழுவதும் மழையில் கிடந்து உப்புக் கழுவப்பட்ட பின்பே வேரடிக்கு வரலாம். வெளியிலிருந்து செம்மண் ஏற்றி வராதீர்கள். அதோடு பார்த்தீனியக் களையின் விதையும் படகேறி வந்துவிடும்.

4 ஏக்கரில் 200 கன்று குறைவென்று தோன்றும். மிச்சத்தைப் பனை பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பெருமரம் அது. ஆடி, ஆவணியில் விழும் பழுத்த பழங்களின் விதையை எடுத்து, முதல் மழைக்கு முன்பே அதன் இடத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். பையில் வளர்த்துப் பெயர்த்து நட வேண்டாம். முளை நேரே கீழே இறங்கும் இயல்புடையது, பெயர்த்தால் முறியும். 3 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 450 குழி, எல்லாம் முளைக்காது என்பதால் குழிக்கு இரண்டு விதை. முதல் ஓலை மண்ணுக்கு மேலே வரப் பல மாதமாகும். செத்துவிட்டதென்று கிண்டிப் பார்க்காதீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: நான்காம் மாதத்தில் கீழே பனங்கிழங்கு திரண்டிருக்கும், கிழங்கு தோண்டுவோர் வருவார்கள். அதற்கென்று வேலியோரமாகத் தனியே ஒரு பாத்தி போட்டு ஊருக்கு விட்டுவிடுங்கள். வடலியானபின் (இளம்பனையானபின்) ஓலை வெட்டுவோரிடம், குருத்தையும் அதையடுத்த மூன்று ஓலையையும் தொடக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிராகத் தெற்கிலும் மேற்கிலும் அணை வேண்டும். வறண்ட மாதங்களில் கடலுப்பைத் தெளித்து இளந்தளிரைக் கருக்குவது அதுதான். கடல் பக்கமாகத் தாழையும் அடம்பன் கொடியும், அடுத்துப் பூவரசங் கதியால், அதற்கு உள்ளே பனை. இவை வளரும்வரை 1.5 மீட்டர் உயரப் பனையோலை மறைப்பு கட்டினால் அதன் பின்னே 10 மீட்டர்வரை நல்ல ஒதுக்கு கிடைக்கும். காற்று முழுதாய் அடைபடாமல் ஓலைக்கு இடையால் கொஞ்சம் நுழைய விடுங்கள். அடைத்துக் கட்டிய மறைப்பு காற்றைப் புரட்டி மறுபக்கம் அடிக்க வைக்கும்.

விரைவாக வளருமென்று சீமைக்கருவேலை யாராவது தருவார்கள். வாங்காதீர்கள். உவர்மண்ணைத் திருத்தவென்று 1950களில் அம்பாந்தோட்டைக்குக் கொண்டுவந்த அந்த மரம், இன்று புந்தல தேசியப் பூங்காவில் பெருந்தொல்லையாகப் பரவி நிற்கிறது. இப்பில் இப்பிலுக்கும் அதே விதிதான். வேம்பு, பூவரசு, புன்னை, புங்கு, ஆழமண் உள்ள இடத்தில் நாவல், பாலை: இவை போதும்.

கன்றைத் தீவிலேயே வளர்க்க முயலுங்கள். நிழல்வலைக்குள் தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்று குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் வரும்போதே உப்புச் சாரலில் பாதி சோர்ந்துவிடும். வேப்பம் விதைக்கு முளைப்புத்திறன் சில கிழமைதான், பழம் விழுந்த கையோடு விதையுங்கள். கன்று 10 மாதம் பையில் நிற்கலாம். கடைசி ஆறு கிழமை வெயிலில் வைத்துத் தண்ணீரைப் பாதியாக்குங்கள். பையை மாதமொரு தடவை தூக்கி இடம் மாற்றாவிட்டால் வேர் நிலத்தில் இறங்கிவிடும். ஐப்பசியில் இரண்டாவது நல்ல மழை பெய்ததும் நடுகை, கார்த்திகை நடுவுக்குள் முடிய வேண்டும். முந்திய முறை கார்த்திகையில்தான் தொடங்கியதால் பிந்தியிருக்கிறீர்கள்.

பணத்தைப் பிரிக்கும்போது பத்தில் நான்கு பங்கு வேலிக்கு, நான்கு பங்கு மூன்று வருடத்துக்கு ஒரு ஆளின் சம்பளத்துக்கும் தண்ணீருக்கும். கன்றுக்கும் நடுகைக்கும் இரண்டு பங்கு தாராளம். சிரமதானத்தில் நட்டுவிடலாம், சிரமதானத்தில் 32 கிழமை தண்ணீர் ஊற்ற முடியாது.

நட்ட பிறகு தைக் கடைசியில், வைகாசியில், புரட்டாதியில் என மூன்று தடவை வரிசை வரிசையாக எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். தையில் செத்தது அநேகமாகக் குழிநீரால், வைகாசியில் செத்தது கால்நடையால் அல்லது காற்றால், புரட்டாதியில் செத்தது தண்ணீர்ப் பற்றாக்குறையால் அல்லது உப்பால். காரணம் திருந்தாத குழியில் மறுகன்று வைக்காதீர்கள். இரண்டாம் வருடம் உயிரோடு நிற்பவற்றுக்கு இரு கிழமைக்கு ஒரு தடவை 15 லீட்டர் போதும். அதில் மிஞ்சும் தண்ணீரால் எத்தனை புதுக்கன்று தாங்குமோ, அந்த ஐப்பசியில் அத்தனை மட்டும் நடுங்கள்.