வம்சாவளிப் படத்தில் விட்டுப்போன அத்தை

கேள்வி: எங்கள் பூர்வீகம் நாமக்கல் மாவட்டம். என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் 1961-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். அண்ணனுக்கு வந்த 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் அவருடைய ஒரே பிள்ளைக்குப் போனது. எனக்கு அவர் பெரியப்பா முறை. கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்து 2016-ல் இறந்தார். என் அப்பாதான் கொள்ளி வைத்தார். அப்பா 2020-ல் காலமானார், அம்மாவும் தங்கையும் நானும் இருக்கிறோம். சித்தப்பா 2009-லேயே போய்விட்டார். இப்போது தூரத்துப் பங்காளி ஒருவர், பெரியப்பா தன் வகையறா என்று வம்சாவளி எழுதி, நோட்டரி முத்திரையோடு பட்டா மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் என் கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்பதுதான் குழப்பம். நிலம் எங்கள் கையில் இருக்கிறது. நானும் சித்தப்பா மகன்கள் இருவரும் மூன்றாகப் பிரித்துக்கொள்ள நினைக்கிறோம். 81 வயதான என் அத்தையிடம் கேட்டு ஏழு தலைமுறைக்குப் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். வி.ஏ.ஓ.விடம் வம்சாவளிச் சான்று வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பங்குக் கணக்கு தவறு.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பலமுறை பார்த்தேன். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பாட்டனில் தொடங்கி உங்கள் மகன் வரை கோடு நேராக இறங்குகிறது. அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. யாரிடம் கேட்டு இந்தப் படத்தைப் போட்டீர்களோ, அந்த அத்தையும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பெரியப்பா உயில் எழுதாமல் இறந்த இந்து. 1961-லேயே பாகம் பிரிந்துவிட்டது, அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகவே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி சொத்து இறங்கும். முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மக்கள், தாய் போன்றவர்கள். இங்கே யாரும் இல்லை. அடுத்து இரண்டாம் வகுப்பு. அப்பா, உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று தொடங்கி, அப்பாவின் உடன்பிறப்புகள் வழியாகப் போய், அம்மாவின் உடன்பிறப்புகளில் முடியும் பட்டியல் அது. சித்தப்பாவின் பிள்ளைகளும் பெரியப்பாவின் பிள்ளைகளும் அதில் கிடையாது. இந்தப் பட்டியலில் யாருமே இல்லாதபோதுதான் பங்காளி வழிக்குச் சொத்து வரும்.

ஆகவே நீங்கள் எழுதாத ஒரு தகவல் எனக்கு வேண்டும். 2016-ல் பெரியப்பா இறந்த அன்று, அவருடைய அம்மாவோடு பிறந்த மாமனோ சித்தியோ, அல்லது அவருடைய அப்பாவோடு பிறந்த அத்தையோ யாராவது உயிரோடு இருந்தார்களா? ஒருவர் இருந்திருந்தாலும் முழுச் சொத்தும் அவருக்கே. நீங்களும் உங்கள் எதிராளியும் வெளியே நிற்க வேண்டியதுதான். தாய்வழிச் சொந்தத்தைக் கேட்காமல் பங்காளி வழக்கு போட்டு, மூன்று ஆண்டு கழித்து ஒரு தாய்மாமன் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கட்சிக்காரரின் பணமும் காலமும் போனதுதான் மிச்சம்.

அப்படி யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். முழுவதும் ஆண்கள் வழியாக வரும் இரத்த உறவோ தத்து உறவோதான் சட்டம் சொல்லும் பங்காளி உறவு. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இடையில் வருகிறவர்கள் ஆண்களாக இருந்தால் போதும், வாரிசாக நிற்பவர் பெண்ணாக இருக்கலாம். உங்கள் அத்தை பெரியப்பாவுக்குச் சொந்தச் சித்தப்பா மகள். கொள்ளுத்தாத்தா, தாத்தா என்று இரண்டு ஆண்கள் வழியாக வருகிறவர். அவரும் பங்காளி வாரிசுதான்.

யார் நெருக்கம் என்பதை 12, 13-வது பிரிவுகள் எண்ணச் சொல்கின்றன. இறந்தவரையும் சேர்த்து ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி. மேலே ஏறும் படி யாருக்குக் குறைவோ அவர் முந்துவார். ஏறும் படி சமமானால் இறங்கும் படி குறைந்தவர் முந்துவார். அதுவும் சமமானால் சேர்ந்து எடுத்துக்கொள்வார்கள். பெரியப்பா ஒன்று, அவருடைய அப்பா இரண்டு, உங்கள் கொள்ளுத்தாத்தா மூன்று. அங்கிருந்து இறங்கினால் உங்கள் தாத்தா ஒன்று, அப்பாவும் அத்தையும் இரண்டு, நீங்களும் சித்தப்பா மகன்களும் மூன்று. எதிராளியின் கொள்ளுத்தாத்தாவும் உங்களுடையவரும் ஒரே பாட்டனின் பேரன்கள் என்று படத்தில் தெரிகிறது. அப்படியானால் அவர் ஐந்து படி ஏற வேண்டும். அவர் பங்காளி என்பதை ஒப்புக்கொண்டாலும் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

அடுத்து தேதி. 2016-ல் யார் உயிரோடு இருந்தார்கள் என்பதே கணக்கு. உங்கள் அப்பாவும் அத்தையும் இருந்தார்கள். ஆகவே ஆளுக்குப் பாதி, 1 ஏக்கர் 20 சென்ட். அப்பாவின் பாதி 2020-ல் உங்கள் அம்மா, நீங்கள், உங்கள் தங்கை மூவருக்கும் 40 சென்டாக இறங்கியிருக்கிறது. சித்தப்பா 2009-லேயே இறந்துவிட்டதால் அவர் பிள்ளைகளுக்கு இதில் பங்கு இல்லை. பங்காளி வழியில், முன்பே இறந்தவரின் இடத்தில் அவர் பிள்ளைகள் வந்து நிற்க முடியாது. ஒன்றாக வளர்ந்த தம்பிகளிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். வழக்கு நடுவில் எதிர்த்தரப்பு வக்கீல் வாயால் அவர்கள் கேட்பதைவிட இன்று நீங்கள் சொல்வது நல்லது. உங்கள் 40 சென்டில் ஏதாவது அவர்களுக்கு எழுதித்தர விரும்பினால், வழக்கு முடிந்த பிறகு அது உங்கள் இஷ்டம்.

சரி, இப்போது நிரூபணம். எதிராளியின் உண்மையான வாதம் 'நானும் பங்காளி' என்பதல்ல. 'பெரியப்பாவின் தாத்தா என் கொள்ளுத்தாத்தா, உங்களுடையவர் அல்ல' என்பது. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்துச் செய்கிற வேலை இது. நம் பக்கம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். முத்துசாமி மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் முத்துசாமி என்று பெயர் மாறிமாறி வரும். அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே பாட்டன் பெயர் விழும். அதனால் பழைய பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டதும் 'இதோ எங்கள் தாத்தா' என்று துள்ளாதீர்கள். த/பெ என்ன, சர்வே எண் என்ன, ஆண்டு என்ன, மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வம்சாவளி வழக்குகளில் 1983-ல் உச்ச நீதிமன்றம் பீகாரின் பெத்தியா ஜமீன் வழக்கில் சொன்னது இன்றும் அடிப்படை. மகாராஜா 1893-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். பிழைத்திருந்த ராணி 1954-ல் இறந்த பிறகு, நாங்கள்தான் நெருங்கிய பங்காளி என்று சிலர் பெரிய பெரிய வம்சாவளிகளோடு வந்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் ஆவணம் சாட்சியமாக ஏற்கப்படுவது வேறு, அதை நம்புவது வேறு. வம்சாவளியை யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார், தகராறு தொடங்குவதற்கு முன்பா பின்பா என்று கேட்க வேண்டும் என்றது. எதிராளியின் நோட்டரி காகிதம் தகராறுக்காக எழுதியது. உங்கள் படமும் அப்படித்தான். வி.ஏ.ஓ. சான்று விசாரித்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

உங்கள் கையில் தங்கம்போல இருப்பது 1961 பத்திரம். அண்ணன் தம்பி இருவரும், 'இன்னார் குமாரர்கள்' என்று தங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இறந்துபோனவர்கள் தகராறு வருவதற்கு முன்பே உறவைப் பற்றி எழுதிவைத்தது அது. முன்பு சாட்சியச் சட்டம் 32(5) ஏற்றதை இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 26-வது பிரிவு ஏற்கிறது. மூலப் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். அந்தச் சர்வே எண்களுக்குப் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு (கிராம நிலங்களின் பட்டியல்) நகல்களும் வாங்குங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவை மட்டும் நம்ப வேண்டாம். தகப்பன் பெயர் மாறிப்போன பட்டாக்கள் அதில் நிறைய.

காகிதத்துக்கு அடுத்தது நடத்தை. குடும்பத்தை நன்கு அறிந்தவர்கள் ஓர் உறவை நம்பி எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் சாட்சியம் என்று 1959-ல் தோல்கோவிந்த பரிச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தில் அது 44-வது பிரிவு. பெரியப்பாவுக்கு உங்கள் அப்பா கொள்ளி வைத்ததும், யார் யார் தீட்டுக் காத்தார்கள் என்பதும் இதில் சேரும். கருமாதிப் பத்திரிகை இருக்கிறதா? குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு? ஒரு வழக்கில் 1974 கல்யாணத்து மொய் நோட்டு எங்களைக் காப்பாற்றியது. பழுப்பேறிய பக்கத்தில் பங்காளிகள் என்று தனித் தலைப்பு, அதன் கீழே ஏழு பெயர்கள், எதிராளியின் தாத்தா பெயர் அதில் இல்லை. பரணில் கிடக்கிற எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

பட்டா மனுவுக்கு உடனே தாசில்தாரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பட்டா உரிமையைத் தராது. ஆனாலும் எதிராளி பெயரில் போய்விட்டால் அடுத்து அவர் கிரயத்துக்குப் போவார். உரிமைத் தகராறை முடிக்கிற இடம் சிவில் நீதிமன்றம். உங்கள் அத்தை, அம்மா, நீங்கள், தங்கை நால்வரும் வாதிகளாக, விளம்புகையும் (உரிமை உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) கேட்டு வழக்கு போட வேண்டும். மனு வந்த நாளிலிருந்தே மூன்றாண்டுக் காலக்கெடு ஓடுவதாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, அத்தையிடம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். இப்போது வேண்டாம். பாதிச் சொத்துக்கு உரியவர் அவர். இந்த வழக்கின் முதல் சாட்சியும் அவரேதான். அந்த இரண்டு கொள்ளுத்தாத்தாக்களையும் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்தவர் இன்று வேறு யாரும் இல்லை. அவருக்கு 1 ஏக்கர் 20 சென்ட் இருக்கிறது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். வழக்கு பதிவானதும், வயதைக் காட்டி, அவரை உடனே விசாரிக்கவோ, வீட்டுக்கே ஆணையர் வந்து சாட்சியம் பதியவோ மனு போடச் சொல்லுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம், 26-ஆம் கட்டளைகளில் அதற்கு வழி இருக்கிறது. போகும்போது அந்தப் படத்தையும் எடுத்துப் போய், உங்கள் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.