மெர்டேக்காவும் தூங்கும் பிள்ளைகளும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை என் மகள் போனில் திறந்து கொடுத்த நாளிலிருந்து படித்து வருகிறேன். நான் கோலாலம்பூர் செந்தூல்காரன், ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் மெர்டேக்கா, அதாவது மலேசியாவின் சுதந்திர நாளான ஆகஸ்ட் 31 என்றால் குவார்ட்டர்ஸில் விடியற்காலையிலேயே விளக்கு எரியும். பிள்ளைகளுக்குத் தலைவாரி, இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டு, அணிவகுப்பு பார்க்கப் பாடாங் திடலுக்குக் கூட்டிப் போவோம். இடம் பிடிக்கப் போட்டியாக இருக்கும்.

போன வருடம் எங்கள் அடுக்குமாடியில் கொடி கட்டிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேல்வீட்டுக்காரர்கள் முதல் நாளே போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஷாப்பிங் மாலுக்கு. என் மகன் ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். முந்தின இரவு ஷிப்டுக்குப் போய் வந்தவன் மத்தியானம் மூன்று மணிவரை தூங்கினான். மருமகள் தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அன்றும் வேலைக்குப் போய்விட்டாள். பேரன் போனும் கையுமாக இருந்தான். நான் மட்டும் டிவியில் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டு, தேசிய கீதமான நெகாராகூ பாடும்போது எழுந்து நின்றேன். மனசு விட்டுப்போயிற்று. நம் பிள்ளைகளுக்கு இந்த நாள் வெறும் லீவாகிவிட்டதா?

இந்த வருடமாவது பேரனை எங்காவது கூட்டிப் போக நினைக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எங்கே போகலாம் என்று சொல்லுங்கள்.

தங்கள் வாசகன்,
செந்தூல்.

*

அன்புள்ள ஐயா,

டிவிக்கு முன்னால் தனியாக எழுந்து நின்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் பெரியப்பாவும் அப்படி நின்றவர்தான். ஆனால் மகனையும் மருமகளையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

30ஆம் தேதி நள்ளிரவில் நகரத்தின் நடுவில் வாணவேடிக்கை வெடித்தபோது உங்கள் மகன் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். விடிந்ததும் மோட்டாரில் ஷா ஆலாமிலிருந்து செந்தூல்வரை வந்து படுத்தவர் மூன்று மணிவரை தூங்கத்தான் செய்வார். அவர் எழுவதற்குள் மருமகள் எத்தனை வார்டுகளைக் கூட்டித் துடைத்திருப்பாரோ! இந்த இருவரும் விடுமுறையை வீணாக்கவில்லை ஐயா. அவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

உங்கள் காலத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயில்வே அப்போது அரசாங்கத் துறை. பட்டறைக் கதவு சாத்தியிருந்தால் செந்தூலில் பாதிப் பேருக்கு ஓய்வு. ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே முதலாளி, ஒரே நாளில் விடுமுறை. அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் கிளம்ப முடிந்தது. 1992இல் ரயில்வே நிறுவனமாக்கப்பட்டது. பட்டறையும் பிறகு செந்தூலைவிட்டுப் போயிற்று. இன்று உங்கள் மாடியில் ஒருவர் ஜாகா (காவல்) வேலை, ஒருவர் தாதி, ஒருவர் லோரி ஓட்டுகிறார், ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு, இன்னொருவருக்கு வியாழக்கிழமை. நான்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பதே அபூர்வம். சேர்ந்து போகும் வழக்கம் தேய்ந்ததற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான். நாட்டுப்பற்று குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு அப்புறம் வரலாம்.

போன வருடம் அதே நாள் பகலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் வரிசை. அணிவகுப்பு பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள், கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள். ஒவ்வோர் இலையிலும் சோற்றின் மேல் பல்குத்தும் குச்சியில் ஒட்டிய ஒரு காகிதக் கொடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனால், சந்தில் இரண்டு அக்காமார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரிபிடித்த சாம்பார் அண்டா. ஒருவர் கொண்டையில் அதே காகிதக் கொடியைச் செருகியிருந்தார். 'இன்னிக்கு உட்காரவே நேரமில்ல தம்பி, பசியாறினது காலைல ஆறு மணிக்கு' என்றார். முன்பக்கம் நாங்கள் கொண்டாடிய மெர்டேக்காவைச் சமைத்தும் கழுவியும் கொடுத்தவர்கள் அவர்கள். கொடி கட்டாத வீடுகளை எண்ணும்போது, அந்த வீடுகளில் எத்தனை பேர் அன்று எங்காவது அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

போர்ட்டிக்சன் போனவர்கள் மேலும் உங்களுக்குக் கோபம் இருக்கிறது. எனக்கு இல்லை. தெலோக் கெமாங் கடற்கரையில் ஒரு நீண்ட விடுமுறையன்று போய் நின்று பாருங்கள். சவுக்கு மர நிழலில் பாய் விரித்திருப்பார்கள். எவர்சில்வர் அடுக்கில் மீகூன் பிரட்டல், இன்னொன்றில் கோழிக்கறி, ஐஸ் பெட்டியில் சிராப் தண்ணீர். பாட்டி சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பார்; விழுந்துவிடாமல் ஒரு பேத்தி கையைப் பிடித்திருப்பாள். அந்தப் பாட்டிக்குக் கடலைப் பார்க்க ஒரு நாள், மகன்கள் மூவரும் ஒன்றாகக் காரில் ஏற ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமைகூட மூவரில் ஒருவருக்கு வேலை இருக்கும் வீடு அது. ஒரு நாடு தன் மக்களுக்குத் தரக்கூடியவற்றில் இப்படி ஒரு நாள் சின்னதல்ல. அதை அவர்கள் கடலுக்குக் கொண்டுபோனால் சுதந்திரத்தை மதிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

மால் விஷயம் வேறு. வீட்டில் ஏர்கோன் இல்லாதவர்களுக்கு, ஏழாவது மாடியில் வெக்கையில் வேகிறவர்களுக்கு, காசு கொடுக்காமல் குளிராக உட்கார இந்த நகரத்தில் வேறு இடம் குறைவு. சின்னப் பிள்ளைகள் நடக்கலாம், கழிப்பறை சுத்தமாக இருக்கும். தித்திவாங்சா ஏரிப் பூங்கா போன்ற இடங்கள் இருக்கின்றன, உண்மை. ஆனால் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அங்கே யார் இருப்பார்கள்?

அணிவகுப்பைப் பற்றி ஒன்று. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் அது புத்ராஜெயாவில் நடந்தது. நீங்கள் போன பாடாங், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கம், செந்தூலுக்குப் பக்கம். புத்ராஜெயா அப்படியில்லை. 2023 மார்ச்சிலிருந்து செந்தூல் பாராட்டிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் நேராகப் புத்ராஜெயா சென்ட்ரல்வரை போகிறது, அது பெரிய உதவி. இருந்தாலும் இறங்கி அங்கிருந்து அணிவகுப்பு நடக்கும் சதுக்கத்துக்குப் போக வேண்டும், நல்ல இடம் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கைக்குழந்தையும் வயதானவரும் உள்ள குடும்பம் டிவியில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

நான் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது.

நம் நாட்டின் வேலைச் சட்டம் 1955இல் இயற்றப்பட்டு, 1957 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்குச் சரியாக மூன்று மாதம் முன்பு. இன்று அந்தச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள், சம்பளத்தோடு. அதில் ஐந்து நாட்களை எந்த முதலாளியும் வேறொரு நாளுக்கு மாற்ற முடியாது. அந்த ஐந்தில் ஒன்று ஆகஸ்ட் 31. மற்றவை பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் (நம் கோலாலம்பூருக்குக் கூட்டரசு பிரதேச தினம்), தொழிலாளர் தினம், 2010இலிருந்து பொது விடுமுறையான செப்டம்பர் 16 மலேசிய தினம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மழை பெய்தால் பால்மரம் (ரப்பர்) வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைய கூலி போச்சு. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய தாய்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். உட்கார்ந்து ஓய்வெடுக்கும் ஒரு நாளுக்கும் சம்பளம் உண்டு என்று சட்டம் சொல்வது நம் சனத்துக்கு மிகப் பெரிய விஷயம். மெர்டேக்கா என்ற சொல்லைக் கேட்டால் கொடியோடு சேர்த்து எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது.

அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் கூடுதலாக இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். வேலையிடங்களில் 'டிரிபிள் பே' என்கிறார்களே, அதுதான். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்போகாதவர்களுக்கு இது சட்டப்படியான உரிமை. கணக்கும் எளிது. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. அதை மாத வேலைநாள் கணக்கான 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. இரண்டு நாளுக்கு 130 வெள்ளிக்கு மேல். எட்டு மணி நேரத்தைத் தாண்டி நிறுத்திவைத்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு மணிக்கூலியைப்போல் மூன்று மடங்கு. 130 வெள்ளி என்பது ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சப்பாத்தும் பையும் வாங்கும் பணம்.

இது பலருக்குப் போய்ச் சேர்வதில்லை. குத்தகை நிறுவனங்களின் வழியாகத் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்கள் என்னிடம் காட்டிய சம்பளச் சீட்டுகளில் 'அலவன்ஸ்' என்று ஒரே வரியில் ஏதோ ஒரு தொகை இருக்கும். எது ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்), எது பொது விடுமுறைக்கானது என்று அவர்களுக்கே தெரியாது. கேட்டால் அடுத்த மாதம் ஷிப்டைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம். சாப்பாடு கொண்டுபோகும் பையன்களுக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது. மெர்டேக்கா அன்று மழையில் நனைந்தபடி ஓடினாலும் அவர்களுக்கு இரட்டிப்பும் இல்லை, மும்மடங்கும் இல்லை. நம் சங்கங்கள் தேசிய மாதத்தில் கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகின்றன. நல்லது, நடத்தட்டும். அதே மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல ஒரு ஆளை உட்கார வைத்தால் எத்தனை குடும்பங்களுக்குப் பிரயோசனமாக இருக்கும்! இதை நான் பல இடங்களில் சொல்லியாயிற்று. இனியும் சொல்வேன்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் ஆகஸ்ட் 31 திங்கட்கிழமை வருகிறது, ஞாயிறும் சேர்ந்திருக்கிறது. அணிவகுப்புக் கூட்டத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் போங்கள். செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் நேரே பிளாசா ராக்யாட். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31 காலையில் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கிய இடம் அது. உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, வெளியே நின்று காட்டுங்கள். பின்னால் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கும், பையன் அதைத்தான் முதலில் பார்ப்பான். பார்க்கட்டும்.

பிறகு ஒரே ஒரு நிறுத்தம் திரும்பி மஸ்ஜிட் ஜாமெக். அங்கே இறங்கி மெர்டேக்கா சதுக்கத்துக்கு நடந்துவிடலாம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு பிரிட்டிஷ் கொடியை இறக்கியது அந்தத் திடலில். நீங்கள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து ஊர்வலம் வந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பாடநூலில் அது இருக்காது. கால் வலிக்கவில்லை என்றால் தேசிய அருங்காட்சியகம். அதைத் திறந்ததும் ஓர் ஆகஸ்ட் 31தான், 1963இல். வாசலில் நிற்கும் பழைய ரயில் எஞ்சினைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியான வழிகாட்டி கிடைக்க மாட்டார்.

சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். துன் சம்பந்தன் சாலையில் நடக்கும்போது அந்தப் பெயர் யாருடையது என்று கேட்பான். சுதந்திரத்தின்போது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றபோது 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியவர். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

மகனுக்கு ஞாயிறு இரவு வேலை இருந்தால் பகலில் எழுப்ப வேண்டாம். மருமகளுக்கு அன்று ஓய்வா என்று கேட்டு, ஓய்வென்றால் அவரையும் கூட்டிப் போங்கள். 31ஆம் தேதி அவர் வேலைக்குப் போக நேர்ந்தால், அந்த நாளுக்கான கூடுதல் சம்பளம் செப்டம்பர் முடிவதற்குள் கைக்கு வர வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போன வருடத்துச் சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த வருடச் சீட்டு வந்ததும் இரண்டையும் போட்டோ பிடித்து எனக்கு அனுப்புங்கள். பணம் குறைந்திருந்தால் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுத நான் உடன் வருகிறேன்.

அன்புடன்.