கடையில் விண்டோஸ், வீட்டில் மேக்: இணைக்கப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 11 ஹோம். டாலி கணக்கு அதில்தான். வீட்டில் மகளின் மேக்புக் இருக்கிறது. இரவில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ஆசை. சர்வீஸ் செய்பவரோ, "விண்டோஸ் ப்ரோ வாங்கணும், இல்லேன்னா வருஷ சந்தா கட்டி ஒரு சாஃப்ட்வேர் போடணும்" என்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் ஒரு கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து நுழைய, அந்தக் கம்ப்யூட்டரில் ப்ரோ இருக்க வேண்டும். ஹோம் இடம் தராது. ஆனால் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமிலும் ஓடும், இலவசம். கடை கம்ப்யூட்டரில் அதை நிறுவி, குறைந்தது ஆறு இலக்க ரகசிய எண் (PIN) வையுங்கள். மேக்புக்கில் குரோமைத் திறந்து அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் கடைத் திரை வந்துவிடும். இதே வேலையைச் செய்யும் டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கடை வேலைக்கு அவை வேண்டாம்.

டாலிக்கு எஃப் விசைகள்தான் உயிர். மேக்கில் விற்பனைக்கான எஃப்8-ஐ, எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஆல்ட் வேலையை ஆப்ஷன் விசை செய்யும். இரண்டு நாளில் கை பழகிவிடும். நீங்கள் வீட்டில் பார்ப்பது கடை மானிட்டரிலும் தெரியும் என்பதால், கிளம்பும்போது மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள்.

நிஜத் தொல்லை கரண்ட்தான். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டாலோ அணைந்துவிட்டாலோ உள்ளே நுழைய முடியாது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றுங்கள். கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும் வசதி பெரும்பாலான டெஸ்க்டாப்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) உண்டு. சர்வீஸ்காரரிடம் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்து, இதுபோன்ற செயலியைப் போடச் சொன்னாலோ, அதில் வரும் எண்ணைக் கேட்டாலோ உடனே போனை வைத்துவிடுங்கள். எனிடெஸ்க்கைப் போட வைத்து யுபிஐ பணத்தைப் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ப்ரோ எப்போது தேவை? கடை பில்லை வீட்டு பிரின்டரில் நேரடியாக அச்சிட வேண்டும் என்றால் அது வசதி. எப்போதாவது ஒன்றிரண்டு என்றால் பிடிஎஃப் ஆக்கி இறக்கிக்கொள்ளலாம், செலவில்லை. ப்ரோவே வாங்கினாலும், "ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இணையத்திலிருந்து நுழையும் கதவு. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் திருடர்கள் ராப்பகலாக அந்தக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் இணைத்துத் தரச் சொல்லுங்கள்.