டொமினிகன் குடியரசுல சர்வாதிகாரி செத்ததும் ஜனநாயகம் வந்துடுச்சா?

எங்க வந்துச்சு? சர்வாதிகாரி ட்ருஹியோ போனான், அவன் வளர்த்த ஆளு பலகேர் போகல. எல்லாரும் ட்ருஹியோவைப் பத்தியே பேசறாங்க, என்னைக் கேட்டா பலகேர் கதைதான் பெரிய கதை.

ட்ருஹியோ 1930ல இருந்து 31 வருஷம் நாட்டைக் கையில வச்சிருந்தான். தலைநகரம் சாந்தோ தொமிங்கோவுக்கே தன் பேரை வச்சான், இருக்கறதுலயே உசரமான மலைக்கும் அதே பேரு, வீடுகள்ல 'இங்க ட்ருஹியோதான் தலைவர்'னு தகடு வேற. 1961 மே 30 ராத்திரி கார்ல போறப்ப சுட்டுத் தள்ளிட்டாங்க. அப்ப பேருக்கு ஜனாதிபதியா இருந்தது அவன் உக்கார வச்ச பொம்மை, ஹோவாக்கின் பலகேர்.

1962 டிசம்பர் எலெக்‌ஷன்ல ஹுவான் போஷ் ஜெயிச்சாரு, பதவிக்கு வந்து ஏழே மாசத்துல ராணுவம் தூக்கிடுச்சு, அவரைத் திரும்பக் கொண்டு வரணும்னு 1965ல உள்நாட்டுச் சண்டை, இன்னொரு க்யூபா ஆயிடுமோன்னு பயந்து அமெரிக்கா படையை இறக்குச்சு, கடைசில 1966ல ஜெயிச்சு உக்காந்தது யாரு? அதே பலகேர். 12 வருஷம் நகரல.

அவர் ஆட்சில, 1975ல ஒர்லாந்தோ மார்த்தினெஸ்ங்கற பத்திரிகையாளரைச் சுட்டுக் கொன்னாங்க. பலகேர் 1988ல விட்ட சுயசரிதைல அந்தக் கொலை வர்ற இடத்துல ஒரு பக்கத்தை வெறுமனே விட்டிருந்தாரு, நான் செத்து வருஷக்கணக்கு ஆனப்புறம் அது பேசும்னு. என்ன தைரியம் பாருங்க!

1978ல எதிர்க்கட்சி முந்துதுன்னு தெரிஞ்சதும் சிப்பாய்ங்க உள்ள புகுந்து ஓட்டு எண்றதையே நிறுத்திட்டாங்க. அமெரிக்காவோட கார்ட்டர் அரசு நெருக்கினப்புறம்தான் எதிர்க்கட்சி குஸ்மான் பதவிக்கு வர முடிஞ்சது. ஆனா 1986ல பலகேர் திரும்ப வந்துட்டாரு. 1994ல 87 வயசு, கண்ணும் தெரியாது, அப்பவும் நின்னாரு. எதிர்த்து நின்ன பெஞ்ஞா கோமெஸைப் பாத்து பக்கத்து நாட்டு 'ஹைத்திக்காரன்'னு கிளப்பி விட்டாங்க, ஆயிரக்கணக்கான பேரு வாக்காளர் பட்டியல்ல காணோம், ரகளை ஆயி பலகேர் பதவிக்காலத்தை ரெண்டு வருஷமா வெட்டினாங்க.

1996க்கப்புறம் ஆட்சி ஓட்டுலதான் மாறுது. 2020 பிப்ரவரில உள்ளாட்சித் தேர்தல் மெஷின் ஸ்க்ரீன்ல எல்லா வேட்பாளரும் தெரியலன்னு அன்னிக்கே தேர்தலை நிறுத்தினாங்க, இளசுங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஜூலைல நடந்த ஜனாதிபதி தேர்தல்ல, 16 வருஷம் தொடர்ந்து ஆட்சில இருந்த கட்சி வீட்டுக்குப் போச்சு.

அந்த ஹைத்தி விஷயம் மட்டும் விடவே இல்ல. 2013ல அரசியல் சாசனக் கோர்ட், ஆவணம் இல்லாத வெளிநாட்டவங்களுக்கு 1929ல இருந்து அங்க பொறந்தவங்க குடிமக்களே இல்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அதுல முக்கால்வாசி ஹைத்தி வம்சாவளி. அடுத்த வருஷம் சட்டம் போட்டு ஒரு பகுதிப் பேருக்குத் திருப்பிக் குடுத்தாங்க. மீதிப் பேர்ல நிறையப் பேருக்கு அடையாள அட்டையும் கிடையாது, ஓட்டும் கிடையாது.